தோடம்பழச் சோடா

வெள்ளிக்கிழமை பின்னேரம், கடையில் காசு கட்டும் வரிசை பாண் அடுக்கியிருந்த தட்டு வரைக்கும் நீண்டிருந்தது. அன்ரனெற் வலது மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டியை இழுத்து இறுக்கிவிட்டு அடுத்த பொருளை விலை வாசிக்கும் கண்ணாடியின் மேல் நகர்த்தினாள். பால். பருப்பு. லீக்ஸ். உறைந்த மீன். ஒவ்வொன்றும் ஒரு கூர்மையான ஒலியோடு கடந்து போனது. கடைசியாகச் சொக்லட் பூசிய தானியப் பெட்டி ஒன்று வந்தது. வண்டிலில் இருந்த குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. இயந்திரம் இரண்டு தாழ்ந்த சத்தங்களை எழுப்பியது, தொண்டைக்குள்ளே அடக்கிக்கொண்ட இருமல்போல.

"சொறி, இது இந்தக் காட்டில போகாது," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி தாழ்ந்த குரலில், புன்னகையோடு. குழந்தையின் தாய் வண்டிலை மெல்ல முன்னுக்குத் தள்ளினாள். பெட்டி அன்ரனெற்றின் காலடியில் இருந்த சிவப்புக் கூடைக்குள் போனது.

அரசாங்க உதவியில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுக்கென்று 'காட்' என்கிற பச்சை நிற அட்டை வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வெக்ஸ்போர்ட் பகுதியில் அந்த அட்டையை எடுக்கும் கடைகளில் இதுவும் ஒன்று. மரக்கறி, பழம், அரிசி, பால், மீன் என்றால் அட்டை வேலை செய்யும். சோடா, இனிப்பு, பொரித்த பண்டம் என்றால் இயந்திரம் மறுத்துவிடும். மறுக்கப்பட்டவை சிவப்புக் கூடையில் சேரும். வேலை முடிந்து போகுமுன் அன்ரனெற் அவற்றைத் திரும்பவும் தட்டுகளில் கொண்டுபோய் வைப்பாள். அந்த இரட்டைச் சத்தம் இப்போதெல்லாம் அவளோடு வீட்டுக்கும் வந்தது. லிப்ட் கதவு சாத்திக்கொள்ளும்போது கேட்டது. மகள் மெலிசா குளிர்சாதனப் பெட்டியை மூடும்போதும் கேட்டது.

சாமான் நகரும் பட்டியில் தோடம்பழச் சோடாப் போத்தல் ஒன்று வந்தது. சிறியது, ஒறேஞ்ச் நிறம், குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த ஈரத்தோடு. அதற்குப் பின்னால் நீல நிறக் குளிர்ச்சட்டையின் கை.

"வாங்கோ அண்ணை," என்றபடி அன்ரனெற் நிமிர்ந்தாள்.

சட்டை சச்சிதானந்தனுடையதுதான். சட்டைத் தொப்பியைத் தலையில் மாட்டியபடி அதற்குள் நின்றவள் அவருடைய மனைவி இராஜேஸ்வரி. நெற்றி வெறுமையாக இருந்தது.

சச்சிதானந்தன் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டியவர். அது மூடியபிறகுதான் பச்சை அட்டைக்கு வந்தார். வரும்போதெல்லாம் எல்லாச் சாமானுக்கும் கடைசியாக ஒரு தோடம்பழச் சோடாவை வைப்பார்.

"என்ன தங்கச்சி, இண்டைக்காவது உன்ர மெஷினுக்கு மனம் இளகுமோ?"

இளகாது. "பாத்தியோ, என்ர உடம்பில பெண்சாதியை விட இதுக்குத்தான் அக்கறை," என்று சிரித்துவிட்டுப் போவார். கையில் காசு இருந்தால் சில்லறையை எண்ணி வைத்து வாங்குவார். இல்லாத கிழமைகளில் முயன்று பார்ப்பதோடு சரி.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல் முதலில் கரகரத்தது, பிறகு காற்றாகிப் போனது. சோறு இறங்கவில்லை. கஞ்சி இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்துமா வாந்தியாக வந்தது. சில்லென்ற சோடா மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எது இறங்குதோ அதைக் குடியுங்கோ என்று டொக்டர் சொன்னதை இராஜேஸ்வரிதான் அன்ரனெற்றிடம் சொன்னாள். மனேச்சர் மாக்கஸிடம் அன்ரனெற் கேட்டுப் பார்த்தாள். அது சிஸ்டத்தில் இருப்பது, கடைக்காரர் தொடமுடியாது என்று அவன் சொன்னான்.

கடைசியாக வந்த அன்று சச்சிதானந்தன் ஒன்றும் பேசவில்லை. போத்தலை வைத்தார். இயந்திரம் மறுத்தது. அன்ரனெற் அதைக் கூடையில் போடக் குனிந்தபோது அவர் கையை நீட்டினார். வாங்கி, குளிர்ந்த போத்தலைத் தன் தொண்டையில் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றார். பின் திருப்பிக் கொடுத்தார். அன்று கூடையிலிருந்த பொருட்களைத் தட்டுகளில் வைக்கும்போது அன்ரனெற் அந்தப் போத்தலை மட்டும் கடைசிக்கு விட்டாள். அதில் ஈரம் காய்ந்திருந்தது.

"அக்கா... அண்ணை?"

"அவர் போயிட்டார், அன்ரனெற். போன சனிக்கிழமை விடிய."

அன்ரனெற்றின் கை பட்டியின் மேல் நின்றது.

"ஒருத்தரும் சொல்லேல்லையே அக்கா."

"ஆருக்கெண்டு சொல்லுறது? வியாழக்கிழமைதான் எரிச்சது." இராஜேஸ்வரி சாமான்களைத் தானே முன்னுக்குத் தள்ளினாள். கத்தரிக்காய், வாழைக்காய், மீன், அரிசிமா. "நாளைக்கு எட்டாம் நாள், எட்டு. அவருக்குப் பிடிச்சதெல்லாம் படைக்கவேணும். மற்றதெல்லாம் சமைச்சுப்போடுவன். உதுதான்."

போத்தலைக் கண்ணால் காட்டினாள்.

வரிசையில் பின்னால் நின்ற பெண் ஒருத்தி கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "நிக்கிறன், நிக்கிறன். காட்டுக்காரர் முன்னால நிண்டால் தெரியும்தானே, ஒவ்வொண்டுக்கும் ஒரு வழக்கு. உவைக்கெண்டு தனி லைன் ஒண்டு போட்டால் என்ன?"

இராஜேஸ்வரிக்குக் கேட்டிருக்கும். அவள் திரும்பவில்லை.

அன்ரனெற் ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசியில் போத்தல் கண்ணாடியின் மேல் போனது. இரண்டு தாழ்ந்த சத்தங்கள்.

"அக்கா, ஒரு நிமிசம் நில்லுங்கோ. என்ர பை உள்ளுக்கு லொக்கரில கிடக்கு. ஓடிப்போய்க் காசு எடுத்துக்கொண்டு வாறன்."

"வேண்டாம்."

"நாளைக்குத் திருப்பித் தாங்கோவன்."

"வேண்டாம் பிள்ளை. செத்தவருக்குப் படைக்கிறது. கைமாத்து வாங்கி வைக்க எனக்கு மனமில்லை." இராஜேஸ்வரி பச்சை அட்டையை இரண்டு விரல்களால் பிடித்திருந்தாள். "இந்த மாசக் காட்டில அவற்ர பங்கும் கிடக்கு. இன்னும் அவற்ர பேரை வெட்டேல்லை. அவற்ர பங்கிலதான் வாங்கவேணும் எண்டு நினைச்சு வந்தனான்."

 தலைக்கு மேலே விளக்குகள் இரைந்தன.

"நாளைக்கு ஆர் கொண்டுபோய் வைக்கிறது அக்கா?" என்று அன்ரனெற் கேட்டாள். அவள் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். ஆனாலும் பக்கத்துக் கட்டிடங்களில் எத்தனையோ எட்டுகள் நடக்கக் கண்டிருக்கிறாள். பொழுதுபடும் நேரம் படையலில் ஒரு பங்கைச் சந்திக்குக் கொண்டுபோவார்கள்.

"ஆம்பிளையள்தான் கொண்டுபோறது. எனக்கு ஆர் இருக்கினம்? நான்தான் கொண்டுபோவன்." அவள் குரல் தணிந்தது. "வைச்சிட்டு வரேக்க ஒருத்தரோடயும் கதைக்கக்கூடாது. ஆர் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கக்கூடாது. பாத்தால் அவரும் பின்னால வந்திடுவாராம். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. அவர் வருவார் எண்டில்லை. நான் பாத்திடுவன் எண்டு."

போத்தல் இன்னும் அன்ரனெற்றின் கையில் இருந்தது. கூடை காலடியில் இருந்தது. அவள் போத்தலைத் தராசில் வைத்தாள். வாழைப்பழத்தின் இலக்கத்தை விரல்கள் தாமாகவே தட்டின. ஒரு கூர்மையான ஒலி. சிறிய திரையில் வாழைப்பழம் என்று எழுத்து விழுந்தது, அதன் பக்கத்தில் நிறையும்.

இராஜேஸ்வரி திரையைப் பார்த்தாள். பிறகு அன்ரனெற்றைப் பார்த்தாள். அட்டையை இயந்திரத்தில் தொட்டாள். போத்தலைப் பையில் போடவில்லை. நீலச் சட்டையின் உட்பக்கம் வைத்துச் சிப்பை மேலே இழுத்துப் பூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் பின்னேரம் மாக்கஸ் அவளை உள்ளே கூப்பிட்டான். மெலிசாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். அன்ரனெற் உட்காரும் வரைக்கும் அவன் திரையைத் தன் பக்கமே திருப்பி வைத்திருந்தான்.

"மெலிசா எப்பிடி அன்ரி? கொலிஜ் முடிஞ்சுதோ?"

"இன்னும் ஒரு வருசம் கிடக்கு தம்பி."

அவன் தலையாட்டினான். திரையைத் திருப்பினான். மேலிருந்து எடுத்த படம். அன்ரனெற்றின் நரைத்த வகிடு, கட்டுப்போட்ட கை, தராசில் போத்தல். எதிரே தொப்பி மாட்டிய நீலச் சட்டை.

"காட் ப்ரோகிராம் ஆக்கள் அனுப்பினவை. காட்டில போற வாழைப்பழம், மரக்கறி எல்லாத்தையும் சிஸ்டம் கமெராவோட சேத்துப் பாக்கும். ஐ டிட்ன்ட் ஈவின் நோ." அவன் கழுத்தைத் தடவினான். "இந்த அங்கிளை எனக்குத் தெரியும். எப்ப வந்தாலும் ஒறேஞ்ச் சோடாவை ட்ரை பண்ணிப் பாப்பார். இவர்தானே கேட்டவர்?"

அன்ரனெற் படத்தையே பார்த்தாள். தொப்பியின் வளைவு, தோள் ஒரு பக்கம் சரிந்து நிற்பது, போத்தலை நோக்கி நீளும் கை. மேலிருந்து பார்க்கும்போது அது அவர்தான்.

"அவர் செத்துப்போனார் தம்பி."

"எப்ப?"

"போன கிழமை."

மாக்கஸ் படத்தின் மூலையில் இருந்த திகதியைப் பார்த்தான். நேற்றையது. குனிந்து இன்னொரு தரம் பார்த்தான்.  வெளியே யாரோ வண்டில்களை ஒன்றுக்குள் ஒன்று தள்ளி அடுக்கும் சத்தம் கேட்டது.

"அது அவற்ர மனிசி," என்றாள் அன்ரனெற்.

"ஓகே. அன்ரி, லிசின். இது காசுப் பிரச்சினை இல்லை, போத்தலுக்கும் வாழைப்பழத்துக்கும் அப்பிடியொண்டும் வித்தியாசமில்லை. அவ கேட்டு நெருக்கினவ, நீங்கள் பயந்துபோய் அடிச்சனீங்கள் எண்டால் உங்களுக்கு ஒரு வோர்னிங்தான். நான் அப்பிடியே ரைப் பண்ணிவிடுவன்."

"அவவுக்கு?"

"அவவை எடுத்துவிடுவினம்."

"காட்டில இருந்தோ?"

"ஓம்."

"நான்தான் செய்தனான் எண்டால்?"

மாக்கஸ் மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்ப வைத்தான். "அப்ப உங்கட வேலை போயிடும். நானும் சம்பளத்துக்கு நிக்கிறவன்தான் அன்ரி," என்றான்.

அன்ரனெற் மணிக்கட்டின் பட்டியை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினாள். வாடகை அவளுடைய சம்பளத்தில் போகிறது. மெலிசாவின் பின்னேர வேலையில் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும்தான் வரும். திரையில் அந்தக் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"ஒருத்தரும் கேக்கேல்லை," என்றாள். "நான்தான் அடிச்சனான்."

"அன்ரி, கொஞ்சம் யோசியுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறன். ரைப் பண்ணும்."

அவன் தட்டினான். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. முடிந்ததும் அவள் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இனி அவவின்ர காட்டில கை வைக்கமாட்டினம்தானே?"

மாக்கஸ் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"காட் காலமையே ஹோல்டில போட்டுது அன்ரி. அது ஓட்டோமெட்டிக். ரிவியூ முடியுமட்டும் ஒண்டும் வேலை செய்யாது."

"பால், அரிசி?"

"ஒண்டுமே."

"எப்ப முடியும்?"

"ஐ டோன்ட் நோ. கனநாள் இழுக்கும்."

"அப்ப நான் இப்ப சொன்னது?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஐ ஆம் சொறி அன்ரி," என்றான்.

லோரன்ஸ் வீதி பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. அன்ரனெற் லொக்கரில் இருந்த செருப்பையும் தேநீர்க் கோப்பையையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். மெலிசாவிடமிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. மாறி ஏறிய இரண்டாவது பஸ்ஸில் அவளுக்கு ஒரேயொரு நினைப்புத்தான் இருந்தது. திங்கட்கிழமை இராஜேஸ்வரி எந்தக் கடைக்காவது போவாள். பால் வைப்பாள், பாண் வைப்பாள். எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தம் வரும். அதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

இராஜேஸ்வரியின் கட்டிடம் இருந்த டோர்செட் பார்க்கில் இறங்கும்போது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. மாடிக் கட்டிடங்களுக்குள் போகும் பாதை பெருவீதியைச் சந்திக்கும் இடத்தில், பஸ் தரிப்புக்கு அந்தப் பக்கம், பனியைத் தள்ளிக் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலின் அடியில் யாரோ குந்தியிருந்து எழுந்தார்கள். நீலச் சட்டை. அன்ரனெற் அடி எடுக்காமல் நின்றாள்.

இராஜேஸ்வரி அவளைக் காணவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, கட்டிடத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள். கைகளைச் சட்டைப் பைகளுக்குள் விட்டு, கழுத்தை அசைக்காமல், நேராக.

"அக்—" அன்ரனெற்றின் வாய் திறந்தது.

அவளுக்கு நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பின்னால் பஸ் கதவு சாத்திக்கொண்டது. இரண்டு தாழ்ந்த சத்தங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. முன்னால் போன நீலச் சட்டை அந்த இடத்திலேயே நின்றது. தோள்கள் உயர்ந்தன.  பஸ் இரைந்து கிளம்பி, வீதி வளைவில் மறைந்து, சத்தம் முழுதாக அடங்கும்வரை இராஜேஸ்வரி அப்படியே நின்றாள். பிறகு திரும்பிப் பாராமல் நடந்தாள். வாசல் கதவு திறந்து அவளை உள்ளே எடுத்துக்கொண்டது.

பனிக்குவியலின் அடியில் வாழையிலைத் துண்டு ஒன்று விரித்திருந்தது. அதில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மீன்பொரியலும் இருந்தன. ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. கற்பூரம் எரிந்து கறுத்திருந்தது. இலைக்குப் பக்கத்தில், சாயாதபடி பனியைக் குழித்து, தோடம்பழச் சோடாவை நிறுத்தியிருந்தாள்.

அன்ரனெற்றின் வலது கை தானாக அதை எடுக்க நீண்டது. பாதியில் நின்றது.

போத்தலின் மூடி திறந்திருந்தது. உள்ளே ஒரு குடிகுழாய் இருந்தது. அதன் கழுத்து மடிக்கப்பட்டு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, படுத்திருப்பவர் தலையைத் தூக்காமல் உறிஞ்சக்கூடிய பக்கமாக.