பந்தய வரியில் எழுந்த பள்ளி

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பந்தயக் குதிரை ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் மயாமியில் குதிரைமேல் கட்டும் பணத்துக்கு அரசு வாங்கும் வரியை, புளோரிடாவின் அறுபத்தேழு கவுண்டிகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த பங்கில் புதிய பள்ளிக்கூடம் எழுந்தது. அதற்கு, மறைந்த என் அப்பாவான பாதிரியார் ஏசா திக்பென்னின் பெயரை வைப்பதாகக் கவுண்டி மன்றத்தில் அறிவித்தார்கள். நாற்பது ஆண்டுகள் சூதாட்டத்தைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தவர் அவர். நான் எழுந்து நின்றேன்.

"சூதாட்டக் காசுல கட்டுன சுவத்துல எங்கப்பா பேரு வேணாம்."

மன்றத் தலைவர் லானி சிரித்தார். "மிஸ் கொர்டீலியா, போன மாசம் நீங்க படுத்திருந்த ஆஸ்பத்திரியும் அதே காசுலதான் கட்டினது. அப்ப நல்லாத்தானே தூங்குனீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது தெரியாது. காது சுட்டது. ஆனாலும் உட்காரவில்லை.

"படுத்தது என் உடம்பு, லானி. பேரு எங்கப்பாவோடது. அதக் குடுக்க உனக்கு உரிமை இல்ல."

சிரிப்பு நின்றது. பெயரை அடித்துவிட்டு, 'பைன் தோப்புப் பள்ளி' என்று எழுதினார்கள்.

திறப்பு விழாவன்று ஊரே அங்கே மீன் வறுத்துச் சாப்பிட்டது. என்னை யாரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். பேண்டு வாத்தியம் என் சமையலறைவரை கேட்டது. நான் செய்தது சரிதான். அதை ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரே மனிதர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது.