பின்சீற்றில் இருந்து சொன்னது

"காலை அந்தப் பக்கம் போட்டுக்கொண்டு இரும்," என்றார் யேசுரட்ணம். "வேலிக் கம்பியைப் பிடியும். விழமாட்டீர்."

யூஜினி சுற்றுமுற்றும் பார்த்தாள். சனிக்கிழமை காலை. ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் அவர்கள் இருந்த கட்டடத்தின் பால்கனிகளில் பாதிக்கு மேல் தமிழ்ச்சனம். ஐம்பது வயதுப் பொம்பிளை வீட்டுச் சட்டையோடு கார் பார்க்கில் மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்தால், நாளைக்குப் பூசை முடிந்து கோயில் வாசலில் வேறு என்ன கதைப்பார்கள்?

ஆனாலும் ஏறி இருந்தாள். மகள் கிறிஸ்ரினா மேலே நித்திரை. மனுசனும் விடுகிற ஆள் இல்லை. ஆள் ஏறினால் செயின் இறுகும், எவ்வளவு இறுகுகிறது என்று பார்த்துத்தான் பின்சில்லைப் பின்னுக்கோ முன்னுக்கோ அரக்கவேண்டும் என்று சாப்பாட்டு மேசையிலேயே விளங்கப்படுத்தியிருந்தார். அவருக்கு ஒரு பாரம் தேவைப்பட்டது. வீட்டில் இருந்த பாரம் அவள்தான்.

அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலிக்கு அப்பால் ஓடும் பஸ்களைப் பார்த்தபடி, அவள் பேசத் தொடங்கினாள்.

பேச நிறைய இருந்தது. மிசிசாகாவில் தன்னோடு வேலை செய்கிற ஒரு போர்த்துக்கீசனிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் போன கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வருசத்தில் பாதி பனி கொட்டுகிற ஊர். நல்ல கார் ஒன்று பக்கத்திலேயே நிற்கிறது. மகளுக்குக் கலியாணம் பேசுகிற வயதில் தகப்பன் ஹெல்மெட்டோடு திரிகிற வடிவை ஆர் பார்ப்பது? ஒரு கிழமையாக இதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் எழும்பிப் போக வழியில்லாமல் அவர் குந்தியிருக்கும் நேரம் இன்றைக்குத்தான் வாய்த்தது. விடுவாளா?

பின்னால் ஸ்பனர் நட்டைத் திருகும் சத்தம் கேட்டது. நுணுக்கமான வேலை என்றால் யேசுரட்ணம் வாய் திறக்கமாட்டார். அந்த மௌனம்தான் அவளுக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது.

"இருந்து பாருங்கோ," என்றாள். "உதிலைதான் உங்களுக்குச் சா கிடக்கு."

யாரோ கார் டிக்கியை அடித்துச் சாத்தினார்கள். அவள் திரும்பவில்லை. தெரிந்த முகமாக இருந்தால் இந்தக் கோலத்தில் நின்று கதைக்கவேண்டி வரும்.

சற்றுப் பிந்தி ஸ்பனர் சீமெந்தில் விழுந்தது. விழுத்தியாச்சோ என்று கேட்டாள். பிறகு அவருடைய தலை அவள் இடுப்போடு வந்து முட்டியது. செயினைக் குனிந்து பார்க்கிறார் என்று நினைத்தாள். நாலு சனம் பார்க்கிற இடத்தில் இதென்ன சேட்டை என்று சீற்றில் முன்னுக்கு அரக்கி இருந்தாள்.

தலை வழுகியது. அவள் திரும்பியபோது அவர் நிலத்தில் பக்கவாட்டில் கிடந்தார். கண் திறந்திருந்தது. கன்னத்தில் கறுப்பு கிறீஸ்.

அதற்குப் பிறகு நடந்தவை அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவில் நின்றன. ஒரு செருப்போடு லொபிக்கு ஓடியது. யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி அவளுக்காக 911ஐ அழைத்தது. அம்புலன்ஸ்காரர் அவருடைய ஷேர்ட்டை வெட்டியது. அருமந்த ஷேர்ட்டை ஏன் வெட்டுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். அந்த நேரத்தில் அவள் நினைத்தது அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதைக் கிறிஸ்ரினாதான் தமிழில் சொல்லப் பார்த்து, முடியாமல், ஆங்கிலத்திலேயே சொன்னாள்.

"ஹார்ட்டாம் அம்மா. இட் வாஸ் இன்ஸ்ரன்ற். அப்பாவுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காதாம்."

யூஜினி தலையை ஆட்டினாள். ஓம் என்றோ இல்லை என்றோ இல்லாத ஓர் ஆட்டம்.

ஸ்காபரோவில் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் யாருக்காவது வருத்தம் கடுமை என்றால் யூஜினிக்குத்தான் ரெலிபோன் வரும். சீவன் போகிற நேரத்தில் காதுக்குள் 'இயேசு, மரி, சூசை' என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். மனுசர் இந்த உலகத்தில் கடைசியாகக் கேட்பது அந்த மூன்று பெயர்களாக இருக்கவேண்டும். பெற்ற பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கும்போது அவள் குரல் உடையாமல் சொல்லுவாள். வேலையால் வந்த களையோடு போயும் சொல்லியிருக்கிறாள். முன்பின் அறியாத ஒரு கிழவருக்கு இரண்டு நாள் இருந்து சொல்லியிருக்கிறாள்.

தன்னுடைய மனுசனுக்கு அவள் சொல்லி அனுப்பியது வேறு.

செவ்வாய்க்கிழமை அவரைப் பார்வைக்கு வைத்தார்கள். ஃபியூனரல் ஹோமின் மெத்தை நாற்காலியில் யூஜினி அழாமல் இருந்தாள். வந்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் அவர்களுடைய தோளுக்கு மேலால் பெட்டியைப் பார்த்தாள். சனிக்கிழமையிலிருந்து அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்று கிறிஸ்ரினா பயந்துபோய் ஃபாதரிடம் சொல்லியிருந்தாள்.

"நீர் பக்கத்திலை நிண்டது பெரிய புண்ணியம்," என்றாள் கோயிலில் பாட்டுப் படிக்கிற ஒருத்தி. "காதுக்கை சொல்லியிருப்பீர்தானே?"

"ஓம்," என்றாள் யூஜினி.

டொக்டர் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். உடனே போனவர் என்றால் அவள் அதைச் சொல்ல முதலே போயிருக்கலாம். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போது பின்னால் கேட்க ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஸ்பனர் விழுந்தது அதுக்குப் பிறகுதானே. இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் அவள் மனம் நின்றது.

ஒன்பதாம் மாடி இரத்தினவேல் வாசலுக்குப் பக்கத்தில் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தான். சைவப் பெடியன், இங்கத்தைய முறை தெரியாமல் நிற்கிறான் என்று முதலில் நினைத்தாள். பிறகு அவன் தன்னையே பார்ப்பதையும் அவள் பார்த்தால் கண்ணை எடுப்பதையும் கவனித்தாள். கடைசியில் வந்து அவளுக்கு முன்னால் குந்தினான்.

"அன்ரி, அண்டைக்கு நான் கார் பார்க்கிலை நிண்டனான். சாமான் இறக்கினனான்."

அடித்துச் சாத்திய டிக்கி அவள் காதில் கேட்டது.

"நான் சொன்னது உமக்குக் கேட்டதோ?"

"ஓம்."

"எது?"

அவன் கம்பளத்தைப் பார்த்தான். "சா எண்டு சொன்னது."

"அவருக்கு?"

"அவருக்கும் கேட்டது அன்ரி."

யூஜினி நாற்காலியின் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒன்றும் போய்விட்டது. இவன் ஏன் வந்தான், ஏன் இதைச் சொல்லுகிறான் என்று இருந்தது.

"சிரிச்சவர்," என்றான் இரத்தினவேல்.

அவளுக்கு விளங்கவில்லை.

"செத்தவீட்டிலை சொல்லுற கதையில்லை. அதுதான் பேசாமல் நிண்டனான். நீங்கள் அப்பிடிச் சொல்ல அங்கிள் நிமிந்து என்னைப் பாத்தவர். உங்கடை முதுகைக் கண்ணாலை காட்டினவர். பிறகு, ரேடியோச் சத்தத்தைத் திருகுறமாதிரி..." அவன் இரண்டு விரலைத் தூக்கித் திருகிக் காட்டினான். முன்வரிசையில் ஒருவர் பார்க்கவே கையைக் கீழே போட்டான்.

யூஜினி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டினவரோ, குறைச்சவரோ?"

"கூட்டினவர்."

"வடிவாப் பாத்தனீரோ?"

"கூட்டினவர்தான் அன்ரி. நானும் சிரிச்சுக்கொண்டுதான் டிக்கியைச் சாத்திப்போட்டு மேலை போனனான்."

அவள் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்புத்தான். பாதி வழியில் அது வேறொன்றாக மாறியபோது, சுற்றியிருந்த பெண்கள் அப்பாடா, அழுதுவிட்டாள் என்று ஓடிவந்து பிடித்தார்கள். அவள் அவர்களுடைய கைகளை விலக்கிக்கொண்டு பெட்டிக்குப் போனாள்.

முகத்துக்குப் பவுடர் அளவுக்கு மிஞ்சிப் பூசியிருந்தார்கள். குனிந்து அவருடைய காதோடு வாயை வைத்தாள். முன்வரிசைப் பெண்கள் உடனே நெற்றியில் சிலுவை போட்டு, தாங்களும் மெல்ல 'இயேசு, மரி, சூசை' என்று தொடங்கினார்கள்.

அவள் முதலில் பவுடரைச் சொன்னாள். பிறகு, ஆரோ பெடியனோடு சேர்ந்து தன்னைப் பகிடி பண்ணியது ஏன் என்று கேட்டாள். கழுத்துப்பட்டியை இப்படி ஒரு பக்கம் இழுத்துக் கட்டியிருக்கிறார்களே, பேசாமல் படுத்திருக்கிறீங்களே என்று கேட்டாள். கண்ணீர் அவருடைய காதுக்குள் விழ, அதை விரலால் துடைத்துவிட்டு மேலும் பேசினாள்.

செபமாலையைத் தொடங்க எழும்பிய ஃபாதர், அவள் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.