மூன்றாம் ஓலை

செல்வநாதன் வீட்டார் லீமாவைப் பெண் பார்க்கத்தான் வந்தார்கள். மரக்காணத்து உப்பளக் கரையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். மாப்பிள்ளை செல்வநாதனுக்கு வானூரில் வாத்தியார் வேலை. அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றி, "ஆண்டவரே, எனக்கு ஒரு கதவைத் திறந்துவிடும்" என்று லீமா கெஞ்சிக் கேட்ட வரன். ஆண்டவரும் திறந்தார். என்ன, பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

வந்தவர்கள் வீடு தெரியாமல் சித்தப்பா அமிர்தசாமி வீட்டுக் கதவைத் தட்ட, அவர் மகள் ஜோசப்பின் தலையில் எண்ணெய் வைத்த கோலத்தோடு திறந்து, "அடுத்த வீடுங்க" என்று கை காட்டினாள். காட்டிய கையைப் பார்த்தார்களோ, காட்டியவளைப் பார்த்தார்களோ, லீமா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய், சின்னவளைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

லீமாவின் அப்பா ஏசுராஜ் நல்ல மனிதர், அதாவது சண்டை போடத் தெரியாதவர்.

"தேவ சித்தம்மா. ஒரு வழிய அடைச்சாருன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்றார்.

தேவ சித்தம் ஏன் எப்போதும் சித்தப்பா வீட்டுப் பக்கமே சாய்கிறது என்று லீமாவுக்கு விளங்கவில்லை. வாய்க்காலை ஒட்டிய நல்ல உப்புப் பாத்தி அவர்களுக்கு. ஜோசப்பினுக்கு அம்மா இருக்கிறாள். லீமாவின் அம்மாவைக் காலரா கொண்டுபோனது. இப்போது மாப்பிள்ளையும் அங்கேயே. "அக்கா, இந்த ஜாக்கெட் துணி நல்லாருக்கா?" என்று ஜோசப்பின் வந்து நின்றபோது, நல்லாருக்கு என்று சொன்ன வாய் கசந்தது.

எழுபத்து நாலாம் வருஷம், ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்பார். முதல் ஓலையின்போது லீமா தலை குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் ஓலையின்போது அந்தக் 'கடமை' அவள் காதில் இனித்தது. ஏனென்றால் அவளுக்கு ஒரு தடை தெரியும்.

ஜோசப்பின் சின்ன வயதில் அடம்பிடித்தால் சித்தி சூசைமேரி, "உன்ன வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துவிட்டாச்சு, மடத்துல போய் சிஸ்டராயிரு" என்று அதட்டுவாள். எல்லாரும் அதை வெறும் மிரட்டல் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். நிஜமான நேர்ச்சை என்றால்? மடத்துக்குப் போக வேண்டியவள் மாலை மாற்றிக்கொள்வதா? பொறாமைக்குச் சாமியாரே வழிவிட்டதுபோல் இருந்தது லீமாவுக்கு.

அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அவரிடம் போய் நிற்கக் கூடாது என்று, மூன்றாம் ஓலைக்கு முந்தைய சனிக்கிழமை காலை உப்பளத்துக்குப் போனாள். சித்தி பாத்தியிலிருந்து உப்பைக் கூடையில் சுமந்துவந்து கரையில் குவித்துக்கொண்டிருந்தாள். லீமாவும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"சித்தி, ஜோசப்பின மாதாவுக்கு நேர்ந்துவிட்டேன்னு சொல்லுவியே, அது நெசமா?"

சித்தி அக்கம்பக்கம் பார்த்தாள்.

"நெசந்தான்டி. ஓலை ஆரம்பிச்சதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. உங்க சித்தப்பாவுக்குக்கூடத் தெரியாது. சாமியார்கிட்ட சொல்லவும் பயம்."

"அப்புறம் எப்படிக் கல்யாணம் பண்ற?"

"மாதாகிட்டயே விட்டுட்டேன். மூணு ஓலை படிக்கிறாங்க இல்ல, யாராவது ஒருத்தர் போய்த் தடை சொன்னா, மாதா புள்ளயக் கேக்குறாங்கன்னு அர்த்தம். கல்யாணத்த நிறுத்திட்டு அவள மடத்துல கொண்டுபோய் விட்டுருவேன். யாரும் சொல்லலன்னா, விட்டுக்குடுத்துட்டாங்கன்னு அர்த்தம். ரெண்டு ஓலை தாண்டிடுச்சு."

லீமா மனசுக்குள் கணக்குப் போட்டாள். யாருக்கும் தெரியாத நேர்ச்சைக்கு யார் போய்த் தடை சொல்வார்கள்? தெரிந்தவள் ஒருத்தி, கூடையோடு எதிரிலேயே நிற்கிறாள். மாதாவின் பதிலுக்கென்று சித்தி காத்திருப்பது இவள் நாக்குக்காகத்தான். ஒரு வார்த்தை போதும், கல்யாணம் நின்றுவிடும். யாரும் அவளைத் திட்டக்கூட மாட்டார்கள், மாதாவே பேசியதாக ஆகிவிடும்.

"எதுக்காக நேர்ந்துக்கிட்ட?" என்று கடைசியாகக் கேட்டாள். சாமியார் கேட்பார் அல்லவா.

சித்தி உப்பைக் கொட்டிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கம்மாவ எடுத்துக்கிட்டுப் போன அன்னிக்கு உனக்கும் காலரா கண்டுடுச்சு. கண்ணு சொருகிப்போச்சு. உங்கப்பா செவுத்துல முட்டிக்கிறாரு. ஜோசப்பின் என் மடியில பால் குடிச்சிக்கிட்டிருந்தா. எங்கிட்ட குடுக்கறதுக்கு வேற என்னடி இருந்துச்சு? இவள எடுத்துக்கம்மா, அக்கா பொண்ண விட்டுடுன்னு கேட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விட்டாள்.

லீமா வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். நன்றி வந்ததா என்றால், முதலில் வந்தது கோபம். நானா கேட்டேன்? என் உயிர்கூட அந்த வீட்டிலிருந்து வந்த தானம்தானா? தான் கெஞ்சிக் கேட்டதைக் கொடுக்காத ஆண்டவர், சித்தி கேட்டதை மட்டும் கேட்ட மாத்திரத்தில் கொடுத்திருக்கிறார். அதிலும் அவளுக்குப் பொறாமை. அன்று அந்தோனியார் படத்துக்கு முகம் கொடுக்காமல் திரும்பிப் படுத்துத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். பூசை முடிந்ததும் லீமா நேராகச் சாமியார் உடை மாற்றும் அறைக்குப் போனாள்.

"ஏசுராஜ் பொண்ணுதானே? என்னம்மா, ஓலை விஷயமா?"

"ஆமா சாமி. ஜோசப்பின்..."

"சொல்லு."

மாதாவுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை, சாமி. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். உடனே எதற்காக நேர்ந்தார்கள் என்று கேட்பார். "எனக்காக" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. ஆண்டவரே, இந்த வழியையும் அடைக்கிறீரா என்று உள்ளுக்குள் சண்டை போட்டாள். சாமியார் காத்துக்கொண்டிருந்தார்.

"ஜோசப்பின் என் தங்கச்சி சாமி. கல்யாணப் பூசையில நான் பாடறேன்னு சொல்ல வந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சாமியார் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டார். இனி அதையும் பாடித் தொலைக்க வேண்டும்.

வெளியே கூட்டம் கலைந்திருந்தது. மாதா சுரூபத்தின் முன்னால் சித்தி மட்டும் முக்காட்டோடு முட்டிபோட்டிருந்தாள். லீமாவைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாவதும் ஆயிடுச்சுடி. மாதா வாயே திறக்கல, பாத்தியா? விட்டுக்குடுத்துட்டாங்க."

வாயைத் திறக்காமல் இருக்கப் பட்ட பாடு யாருடையது என்று லீமாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெயரும் மாதாவுக்கே போகிறது. சித்தி பிடித்திருந்த கையை உதற மனம் வரவில்லை.

"ஆமா சித்தி" என்றாள் லீமா. "நானும் கிட்ட நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."