கடைசியாகச் சாப்பிடுகிறவள்

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. பிள்ளை பெற்ற ஒருத்திக்குச் சூடாக ஒரு வாய் சூப் கொடுக்க, ஒரு வீடே பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

அவள் தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரி. எல்லாரும் கரண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. பெற்றவள்தான் வெளிறிக் கிடந்தாள். "இப்படியே சாப்பிடாம இருந்தா திரும்ப அட்மிட் பண்ணணும்மா" என்று வீட்டுக்கு அனுப்பும்போதே நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் புருஷன் கோழி எலும்போடு இஞ்சி, பூண்டு, மிளகு தட்டிப் போட்டு சூப் வைத்தான். ஆவி பறக்க நீட்டினால், "நீங்க சாப்பிட்டீங்களா? அத்தை சாப்பிட்டாங்களா?" என்பாள்.

"நீ மொதல்ல குடி."

"வைங்க, குடிக்கிறேன்."

கிண்ணம் ஜன்னலோரம் கிடக்கும். மேலே கொழுப்பு படிந்த பிறகு ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, குமட்டுகிறது என்று தள்ளிவிடுவாள்.

"என் சமையல் அவ்வளவு கேவலமா?" என்று அவன் முகம் தொங்கிப்போனது.

"நான் குடிச்சுப் பார்த்தேன். கிரீஸ் வாசம் வரல, கவலைப்படாத" என்றாள் அவன் தங்கைக்காரி. அவள் பஸ் கண்டக்டர்; பட்டப்பெயர் விசில்.

அன்று விசில் தன் தட்டை எடுத்துக்கொண்டு அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி, கேன்டீன்ல நீங்க எப்போ சாப்பிடுவீங்க?"

"எல்லாரும் போனப்புறம். நின்னுக்கிட்டே, அண்டாவைச் சுரண்டி."

"சூடாவா?"

"சூடு எங்க இருக்கும்? முன்னாடியே சாப்பிட்டா எனக்குத் தொண்டையில எறங்காது விசில். யாருக்கோ இல்லாம போயிடுமேன்னு பக்குபக்குன்னு இருக்கும்."

விசில் எழுந்து நேரே அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் அடுப்பில் சூப் கொதிக்கும்போதே புருஷன், மாமியார், விசில் மூன்று பேரும் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்கள். "வாயில சோறு இருக்கறப்போ வெரட்டாதடி!" என்று மாமியார் அலுத்துக்கொண்டாள். பிறகு காலித் தட்டுகளோடு, சூப் சட்டியையே தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு வந்தார்கள்.

"பாருங்க அண்ணி, எல்லாரும் முடிச்சாச்சு. கடைசி ஆளும் ஏறியாச்சு, இனிமே யாரும் வரமாட்டாங்க. இது பூரா உங்களுக்குத்தான்."

கரண்டி தட்டுகளைப் பார்த்தாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பழக்கதோஷம், எழுந்து நிற்கப் போனாள். "உக்காரு தாயி" என்று மாமியார் தோளை அழுத்தினாள். கிண்ணம் கிண்ணமாகக் குடித்தாள். நெற்றியில் வியர்வை பூத்தது.

"மிளகு பத்தல" என்றாள்.

"திட்டுறாடா! பொழச்சுக்கிட்டா!" என்றாள் மாமியார்.

தினமும் அப்படியே நடந்தது. கன்னத்தில் ரத்தம் ஏறியது. குழந்தைக்குப் பால் போதுமான அளவு சுரந்தது. ஒரு மத்தியானம் மூன்று பேரும் தட்டை எடுத்த நேரம், அறையிலிருந்து குரல் வந்தது:

"எனக்குப் பசிக்குது! மொதல்ல எனக்கு ஊத்துங்க, நீங்க அப்புறம் சாப்பிட்டுக்கலாம்!"

மூன்று பேரும் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

உங்கள் வீட்டிலும் பிள்ளை பெற்றவள் கைக்கு முதல் கிண்ணம் சூடாகப் போய்ச் சேரட்டும். அடுப்பு அணையாமல், குழந்தை குட்டிகளோடு நன்றாக இருங்கள் கண்ணுங்களா.