பதினோராவது கேள்வி

ஆமாம், பொய்தான், இதைவிடச் சத்தமாக அவனால் சொல்ல முடியாது, பின்னால் வரிசையில் நிற்கிற நான்கு பேருக்கும் கேட்டாயிற்று, ஆனாலும் ரத்த வங்கி நர்ஸ் திரையை விட்டுக் கண்ணை எடுப்பதாக இல்லை. "மூணு வருஷமா, மூணு கேம்ப்லயும், மஞ்சள் காமாலை வந்திருக்குன்னு நீங்களேதான் சார் எழுதிக் கொடுத்திருக்கீங்க." எழுதினான்தான். அவன் வேலை செய்கிற லிப்ட் கம்பெனியில் வருடத்துக்கு ஒரு ரத்ததான முகாம், நடத்துவது இதே ரத்த வங்கி, மெக்கானிக்குகள் எல்லாம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்ப் படுப்பார்கள், பதினான்காவது மாடியில் ஒரு கம்பிவடத்தை நம்பி நிற்கிறவனுக்கு ஊசியைக் கண்டால் உள்ளங்கால் கூசும் என்று யாரிடம் சொல்வது... ஊசிகூட இல்லை, அந்தப் பை, ஆடிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உப்புகிற பை, தன்னுடையது தன் கண்ணெதிரே வெளியே போவது. படிவத்தில் பதினோராவது கேள்வி, காமாலை வந்ததுண்டா. முன்னால் நின்றவன் ஆம் என்று போட்டான், உடனே அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு சுலபமா? ஒரு சின்னக் கோடுதானே? அது இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் என்று யார் கண்டது.

நாளைக் காலை அக்கா புருஷனுக்குக் குடலில் ஆபரேஷன். அவருக்கு ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக மூன்று யூனிட் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் தேதி தள்ளிப்போகும், அவர் வயிறு தள்ளிப்போக விடுமா? பக்கத்து வீட்டார் இரண்டு பேர் கொடுத்துவிட்டார்கள். அக்காவுக்கே ரத்தம் பற்றாது. "நீ பயந்தாங்கொள்ளின்னு எனக்குத் தெரியும்டா, ஒரே ஒரு தடவை, கண்ண மூடிக்கோ" என்றிருந்தாள். மூடிக்கொள்ளத் தயாராகத்தான் வந்தான், காலையிலிருந்து தன்னைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான், வாசலில் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான், ஆனாலும் உள்ளே வந்தான், நீட்டிய கை அப்படியே மேசைமேல் கிடக்கிறது, வேண்டுவார் இல்லை. "அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? நான் எதை சார் நம்புறது?" நியாயமான கேள்வி, அதுதான் எரிச்சலே. "டெஸ்ட் எடுத்து டாக்டர் எழுதித் தரணும். ஒரு வாரம் ஆகும்." ஒரு வாரம்! "குத்துங்கன்னு நானே கெஞ்சுறேம்மா..." பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். கையை எடுக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ லேசாக இறங்கியது, நிம்மதியா அது? சீ, இப்போதுமா?

வெளியே அக்காவிடம் உள்ளதைச் சொன்னான். "காமாலையா? சளியத் தவிர உனக்கு என்னடா வந்திருக்கு?" என்றாள், பிறகு, "உன்னைத் திட்ட இப்ப நேரமில்ல, வேற யாரையாவது கூப்பிடு." யாரை? ஸ்டோர் அண்ணனை. கம்பெனியில் உதிரி பாகங்கள் எடுத்துக் கொடுக்கிறவர், ஒரு முகாமும் தவறவிடாதவர், காமாலைக்காரன் தூக்கக் கூடாதென்று மூன்று வருடமாக இவன் கருவிப் பெட்டியைத் தானே வாங்கித் தூக்குகிறவர், இவனுக்கும் கொடுத்துப் பழகிவிட்டது. போன் போட்டான். "இதக் கேக்கணுமா தம்பி? அரை மணி நேரத்துல அங்க இருப்பேன். நீ முடியாதவன், எதுக்கு அலையுற, பேசாம ஒரு ஓரமா உக்காரு." அண்ணே, அது வந்து... நர்ஸிடம் சொல்லியாயிற்று, முன்பின் தெரியாத நான்கு பேருக்குச் சொல்லியாயிற்று, அக்காவிடம் சொல்லியாயிற்று, இன்னும் ஒரு தடவை, அவ்வளவுதானே, சொன்னாலும் அவர் வரத்தான் போகிறார்... போனில் சத்தமில்லை. வைத்துவிட்டாரா? "வர்றாராடா?" என்றாள் அக்கா. வருகிறார் என்றான். கட்டை விரல் போன் திரையில் அழைப்பைத் துண்டிக்கிற சிவப்பு வட்டத்தின் மேல் அழுந்தியபடி இருந்தது, அவர் வைத்த பிறகு அங்கே போனதா, அதற்கு முன்பேயா, அவனுக்கே தெரியவில்லை.