மாச்சய்யா தோட்டத்து விறகு

தேச்சம்மாவுக்குக் கோபம் வந்தால் கையில் எது இருக்கிறதோ அதுதான் முதலில் பேசும். அன்று கையில் இருந்தது கத்தி. இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்கிய காபிச் செடியின் தண்டில் வரிவரியாக மேடு தட்டியிருந்தது. ஒரே வெட்டு. உள்ளே மரத்தூளுக்கு நடுவில் வெள்ளைப் புழு ஒன்று கொழுத்துக் கிடந்தது.

"தின்னு, தின்னு! உங்கப்பன் நட்டு வச்சான் பாரு!" என்று அதைக் கல்லில் வைத்து நசுக்கினாள்.

அப்பன் நட்டதல்ல, அவள் நட்டது. கல்யாணமாகி குடகுக்கு வந்த புதிதில் அந்தச் சரிவு முழுவதும் தன் கையாலேயே அரபிக்கா வைத்தாள். கணவர் நாணய்யாவுக்குக் கீழ் வயல், அவளுக்கு மேட்டுத் தோட்டம். மூன்று வருஷமாக அந்த மேட்டைத் தண்டு துளைப்பான் அரித்துக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில் புழு வண்டாகி வெளியே பறந்து நல்ல செடியின் பட்டையில் முட்டையிடும். இந்த வருஷமும் பறந்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, இந்தப் பூச்சி அண்டாத ரொபஸ்டா நட வேண்டியதுதான். ரொபஸ்டா காபியை விருந்தாளிக்குக் கொடுப்பதற்கு வெந்நீரையே கொடுத்துவிடலாம் என்பது அவள் கட்சி.

யார் குற்றம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் மாச்சய்யாவின் காபித் தோட்டம். ஆள் இருப்பது மைசூரில். மகள் கல்யாணத்துக்கென்று நிழல் மரங்களை வெட்டி விற்றுவிட்டான். கீழ் ஓரத்துப் பலா மரங்கள் மட்டும் தப்பின. இந்த வண்டுக்கு வெயில் என்றால் உயிர். பாவி, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறைதான்.

மாசிக் கடைசியில் வீராஜ்பேட்டையில் சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் மாச்சய்யா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்க அண்ணி. பன்றிக்கறி ஆறிடும்."

"உன் பக்கத்துல உக்காந்து நான் கறி திங்கணுமா? உன் பூச்சி என் தோட்டத்தத் தின்னுட்டிருக்கே, அது பத்தாதா?"

"பூச்சி ஊருக்கே இருக்கு அண்ணி. எனக்கு மட்டுமா?"

"ஊர்ல எவன்டா தோட்டத்துக்கு மொட்டை போட்டான்? மைசூர்ல ஃபேனுக்குக் கீழ தூங்கறவனுக்கு எங்க வயித்தெரிச்சல் எப்படித் தெரியும்? சுவத்துல துப்பாக்கி மாட்டி வச்சிருக்கியே, வண்ட அதால சுடப்போறியா?"

பந்தி முழுவதும் சிரித்தது. மாச்சய்யாவின் காது சிவந்தது. "என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"புடுங்கு. மொத்தமா. அதுவரைக்கும் உன் வீட்டு அடுப்புல வெந்தத நான் தொடமாட்டேன். என் வீட்லயும் உனக்கு இலை கிடையாது."

சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே ஒக்கத்தில், ஒரே குலத்தில் பிறந்த அண்ணன் தம்பி வீடுகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவில்லை என்றால், அப்புறம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் யார் முகத்தில் யார் விழிப்பது? மாச்சய்யா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

அந்த வாரமே ஆட்களோடு வந்து பிடுங்கினான். தேச்சம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்று, ஒவ்வொரு செடியும் வேரோடு வருகிறதா என்று பார்த்தாள். வெயில் சாயும்போது மாச்சய்யா வேலியருகே வந்தான்.

"அண்ணி, பலாவுக்குக் கீழ இருக்கற வரிசையெல்லாம் நல்லா இருக்கு. ஒரு செடில கூட மேடு இல்ல. அத மட்டும் விட்டுர்றேனே?"

அந்த வரிசைகளை நட்டது செத்துப்போன அவன் மனைவி. தேச்சம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை.

"உள்ள இருக்கறது வெளிய தெரியுமா? புடுங்குன்னா புடுங்கு!"

அவன் ஆட்களிடம் சொல்லவில்லை. அந்த வரிசைகளைத் தானே பிடுங்கினான். எல்லாவற்றையும் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றப் போனபோது தேச்சம்மா வேலியைத் தாண்டி ஓடினாள்.

"ஏய், என்ன பண்ற? நல்ல வெறகப் போய் யாராவது மலைலயே கொளுத்துவாங்களா?"

மாதக்கணக்கில் விடாமல் கொட்டும் மழைக்கு முன்னால் விறகுக் கொட்டகை நிரம்பியிருக்க வேண்டும். அந்த ஊரில் ஒரு வீட்டுக்காரியின் சாமர்த்தியத்தை அதை வைத்துத்தான் எடைபோடுவார்கள். காபி விறகு நின்று எரியும். வெந்நீர் அண்டாவுக்கு அதைப் போல் வராது. தன் மேட்டில் வெட்டும் நோய்ச் செடிகளையும் அவள் வருஷா வருஷம் கொட்டகைக்குத்தான் கொண்டுவருவாள். அவள் அடுக்கினால் ஒரு குச்சிகூட வெளியே நீட்டாது.

தூக்கச் சொன்னதும் நாணய்யா சிணுங்கினார். "இத்தனையும் கீழ கொண்டு போகணுமா? அங்கயே எரிச்சுத் தொலைச்சா என்ன?"

"உங்க முதுகு நோகுதுன்னா வெறகு என்ன பண்ணும்? தூக்குங்க!"

தூக்கினார். கொட்டகை கூரை வரைக்கும் நிரம்பியது. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

சித்திரை பிறந்தது. ஒரு நாள் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தபோது மேட்டுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்டுகளின் மேல் கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. முன்னைவிட அதிகம்.

"டேய் மாச்சய்யா!" என்று கத்திக்கொண்டு வேலியைத் தாண்டினாள். அந்தப் பக்கம் வெறும் மண். பிடுங்கிய குழிகளில் மழைத்தண்ணீர் நின்றது. திட்டுவதற்கு ஒரு செடிகூட இல்லை.

வீட்டுக்குத் திரும்பி, குளித்தாலாவது எரிச்சல் அடங்கும் என்று விறகெடுக்கப் போனாள். இழுத்த கட்டையில் வட்டமாகப் புது ஓட்டை. அடுத்ததிலும் ஓட்டை. தரையில் மாவு போலத் தூள். கொட்டகை வாசலில் வெயில் விழும் இடத்தில் வண்டுகள் கும்பலாக வந்து, சிறகை விரித்து, மேட்டைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தன.

தேச்சம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூன்று வருஷமாகத் தானே வெட்டி, தானே சுமந்து, மழை படாமல் கூரை போட்டு வளர்த்திருக்கிறாள்! பெற்ற பிள்ளையைக்கூட இவ்வளவு பத்திரமாகப் பார்த்ததில்லை. அடுக்கை எட்டி உதைத்தாள். சரிந்த விறகை முற்றத்துக்கு இழுத்து இழுத்துப் போட்டு மண்ணெண்ணெயைக் கொட்டினாள்.

நாணய்யா ஓடிவந்தார். "அடியே, மழைக்கு என்ன பண்றது?"

"பச்சத் தண்ணில குளிங்க! செத்தா போயிருவீங்க?"

புகை மேலே ஏறியது. புது நாற்றுக்குக் குழி பார்க்க அன்றுதான் வந்திருந்த மாச்சய்யா, வீடுதான் பற்றிக்கொண்டதோ என்று வேலி தாண்டி ஓடிவந்தான். தீயைப் பார்த்தான். சட்டைக் கையில் வந்து உட்கார்ந்த வண்டைப் பார்த்தான். அவன் கேட்பதற்கு முன் அவளே கத்தினாள்.

"என்னடா பாக்குற? இங்கருந்துதான் போயிருக்கு. என் கொட்டகைலருந்து!"

"எப்பருந்து அண்ணி?"

"மூணு வருஷமா. போதுமா? போய் மண்டபத்துல சொல்லிச் சிரி, போ!"

அவன் சிரிக்கவில்லை. பதிலுக்குக் கத்தியிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

"நிழல வெட்டினது என் தப்புதான். இல்லேங்கல" என்றான். குனிந்து, இன்னும் தீப்பிடிக்காத விறகில் கிளறி ஒரு தண்டை எடுத்தான். மெல்லிய, வழவழப்பான தண்டு. அதை அவள் கையில் வைத்தான்.

"இது பலாவுக்குக் கீழ இருந்தது. அவ நட்டது. இதுல ஓட்டை எங்க இருக்கு, காட்டுங்க அண்ணி."

தேச்சம்மா தண்டைத் திருப்பினாள். வேரடியிலிருந்து நுனிவரை விரலால் தடவினாள். பட்டையை நகத்தால் சுரண்டினாள். ஓட்டை இருந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து எத்தனையோ தண்டுகளைத் தடவிப் பார்த்த விரல்கள் அவை. இன்று ஒன்றே ஒன்றாவது இருந்துவிடக் கூடாதா என்று தேடினாள்.

இல்லை. அனல் முகத்தில் அடித்தது. மறுபடியும் வேரடியிலிருந்து தடவத் தொடங்கினாள்.