எழுபத்திரண்டு துளைகள்

முப்பத்தாறாவது துளையை முடித்துத் தூளை ஊதிவிட்டு, இடப்பக்கப் பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தபோதுதான் பெத்தம்மாள் பட்டறை வாசலில் நிற்பதைப் பார்த்தேன். என் தம்பி வீராசாமியின் மனைவி. ஏழு மாத வயிறு. ரெம்பியாவில் முதல் பஸ் பிடித்து மலாக்காவுக்குப் போனவள் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டாள் என்றால், அவனைப் பார்க்க விடவில்லை என்று அர்த்தம். கேட்க வேண்டியதில்லை. கேட்காமல் இருப்பதற்கு அது எனக்கு நல்ல சாக்காகவும் இருந்தது.

வேலை எஸ்டேட் ஆஸ்பத்திரியின் மருந்து அலமாரி. ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர் கனகரட்ணம் ஐயா ஏதோ ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தைக் கொண்டுவந்து காட்டி, இதேபோல வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்தார். எதையும் ஒருமுறைதான் சொல்வார். படத்திலிருந்த அலமாரிக்கு முன்சட்டம் கிடையாது. நான் இருபது வருஷமாகச் செய்த அலமாரிகளுக்கெல்லாம் முன்னால் ஒரு சட்டம் இருக்கும். உள்ளே என்ன கோணல் இருந்தாலும் அது மறைத்துவிடும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு பக்கப் பலகைகள்தான் எல்லாம். அவற்றில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை, துளையில் மர முளை, முளைமேல் தட்டு. பாட்டில் உயரத்துக்குத் தக்கபடி தட்டை ஏற்றலாம், இறக்கலாம். பலகைக்கு இரண்டு வரிசை, வரிசைக்குப் பதினெட்டு. ஆக எழுபத்திரண்டு துளைகள். பிசகினால் தட்டு ஆடும்.

அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனால், மயிரிழை மயிரிழையாகச் சேர்ந்து கடைசித் துளைக்கு வருவதற்குள் கால் அங்குலம் ஓடிவிடும். அதனால் பலகையின் உயரத்துக்கு செங்கால் மரத்தில் ஒரு பட்டை சீவி, அதில் பதினெட்டுத் துளைகள் போட்டுவைத்திருந்தேன். பட்டையைப் பலகை ஓரத்தோடு ஒட்டவைத்து, துளைபோடும் தமரை அதன் துளைகளுக்குள் இறக்கிச் சுழற்ற வேண்டியதுதான். பலகை மறுபக்கம் பொத்துக்கொள்ளாமல் இருக்கத் தமரில் ஆழ அளவுக்கு நூல் சுற்றியிருந்தேன். பட்டையின் கீழ்முனையிலிருந்து முதல் துளை நான்கு அங்குலம்; மேல்முனையிலிருந்து கடைசித் துளை மூன்றரை. கீழ்முனை எதுவென்று தெரிய பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. மடையன்கூடத் தப்புச் செய்ய முடியாத ஏற்பாடு என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

இந்த அலமாரியால்தான் என் தம்பி உள்ளே போனான். புது வேலைக்கு உளி எடுக்கும் முன் முனியாண்டிக்கு ஒரு பிடி சோறு வைப்பது அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டு வழக்கம். ஜப்பான்காரன் ஆண்டபோது சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்காவது வைத்தோம். போன மாதம் எஸ்டேட்டைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். முனியாண்டி வேலிக்கு இருபதடி வெளியே நின்றுவிட்டார். வேலியைத் தாண்டி ஒரு பருக்கை போகக்கூடாது என்பது சட்டம். காட்டில் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடுமாம். பால்மரம் வெட்டப் போகிறவர்களே வெறும் வயிற்றோடுதான் போய்வந்தார்கள். எனக்குக் கேட்டுக்கு வெளியே வேலை கிடையாது. தம்பிக்குத்தான் உண்டு. வாழையிலைத் துண்டில் சோற்றை மடித்து அவன் கையில் கொடுத்தவன் நான்.

"வேணாம்ண்ணே, தடவிப் பாக்குறானுங்க" என்றான்.

"சாமிக்குத்தானடா" என்றேன்.

இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு போனான். கேட்டில் எடுத்துவிட்டார்கள். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, யாரும் இல்லை, சாமிக்கு வைக்க நானே கொண்டுவந்தேன் என்றிருக்கிறான். பதினொரு நாளாக அதே பேச்சுத்தான். என் பெயர் அவன் வாயில் வரவில்லை.

பெத்தம்மாள் உள்ளே வந்து மரக்குவியல்மேல் உட்கார்ந்தாள்.

"கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிடுவாங்களாம் மாமா. போலீஸ் ஸ்டேசன்ல நிக்கிற மாட்டாக்காரன் சொல்றான்லா. இங்கேயே பொறந்தவருன்னு சொன்னேன். பொறந்த சூராட், பத்திரம் எங்கன்னு கேக்குறான்."

நான் வலப்பக்கப் பலகையைத் தூக்கிப் பெஞ்சியில் போட்டேன்.

"சாமிக்குன்னு அவரு ஒத்தையில சொல்றத யாரும் நம்பல. சோத்த நான்தான் குடுத்தேன், சாமிக்குத்தான் குடுத்தேன்னு நீங்களும் சொன்னா நம்புவாங்கல்ல?"

"சனிக்கெழம தொர அலமாரி பாக்க வர்றாரு. தம்பிக்காகப் பேசுறேன்னு டிரஸ்ஸர் ஐயா சொல்லிருக்காரு."

"அவரு பேசட்டும் மாமா. நீங்க சொல்வீங்களா?"

"சொல்றேன்" என்றேன், பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே.

அவள் போகவில்லை. நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. தமரை இறக்கினேன், சுழற்றினேன், தூளை ஊதினேன். டிரஸ்ஸர் இரண்டு நாள் முன்பே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "சோறு உம்மட கையால போனதெண்டு எனக்குத் தெரியும். நீர் வாயைத் திறக்காதையும். ஒருத்தனுக்காகத் துரையோட கதைக்கலாம். ரெண்டு பேருக்காகக் கதைக்க ஏலாது." அதைப் பெத்தம்மாளிடம் சொல்லவில்லை. எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், நானும் உள்ளே போனால் லயத்து வீட்டையும் பிடுங்கிக்கொள்வார்கள், என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அது கணக்கில்லை, பயம். அன்றே எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி மருந்தறையில் வைத்துப் பலகைகளைப் பூட்டி, முளைகளைச் செருகி, முதல் தட்டை வைத்தேன். தட்டு வலப்பக்கம் தாழ்ந்து நின்றது. முளையை மாற்றினேன். தட்டைப் புரட்டினேன். எங்கே வைத்தாலும் அதே சரிவு. அளந்து பார்த்தால் சரியாக அரை அங்குலம். வலப்பக்கப் பலகை இடப்பக்கத்துக்கு எதிர்முகம். பலகையைத் திருப்பிப் போடும்போது கை தன்பாட்டில் பட்டையையும் தலைகீழாகத் திருப்பும். தச்சன் மகனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் எச்சரிக்கையே அதுதான். பெருக்கல் குறி என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. முப்பத்தாறு துளைகளையும் அழகாக, ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில், தப்பான இடத்தில் போட்டு வைத்திருந்தேன்.

அடைத்துவிட்டு வேறு துளை போடலாம். ஆனால் அடைத்த இடம் இறுக இரண்டு நாள் வேண்டும். மழை வேறு விடவில்லை. வலப்பக்க முளைகளின்மேல் அரை அங்குலத் துண்டுகளை வைத்துத் தட்டுகளை மட்டப்படுத்தினேன். பார்வைக்கு நேராக இருந்தது.

சனிக்கிழமை காலை துரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். உயரமான மனிதர். இடுப்பில் கைத்துப்பாக்கி, பின்னால் இரண்டு காவலர்கள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு, ஏற்றி இறக்கலாமாமே என்று நடுத்தட்டைப் பிடித்து இழுத்தார். துண்டுகள் இரண்டும் டக்டக்கென்று விழுந்தன. தட்டு சரிந்தது. டிரஸ்ஸர் முகம் கறுத்தது.

"இது என்னா?" என்றார் துரை. துரைத் தமிழ் என்று பிள்ளைகள் கேலி பேசும் அளவுக்கு மோசமில்லை, கேட்டால் புரியும்.

"என் தப்புங்க தொர. அளவுப் பட்டைய தலகீழாப் புடிச்சிட்டேன். ரெண்டு நாள்ல சரி பண்ணிடுறேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "நல்லது. தப்பு செஞ்சா தப்புன்னு சொல்லுது. அது நல்ல ஆள்" என்றார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தெம்பு வந்தோ என்னவோ, டிரஸ்ஸர் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். வீராசாமி என்ற பெயர் இரண்டு முறை வந்தது. துரை கேட்டுக்கொண்டே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன் தம்பி சாமிக்குச் சோறு எடுத்தேன் சொல்லுது. உனக்கு அது தெரியுமா?"

மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. ஒரு நிமிஷம் முன்புதான் முப்பத்தாறு துளைகளுக்கு நான் பொறுப்பு என்று மடமடவென்று சொல்லியிருந்தேன். நாக்குக்கு அப்போது ஒரு சிரமமும் இல்லை. காவலர்களில் ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் துப்பாக்கிமேல் கைகூட வைக்கவில்லை.

"தெரியாதுங்க தொர" என்றேன்.

துரை உதட்டைப் பிதுக்கினார். "கூடப்பொறந்த அண்ணனுக்கே தெரியாது. அப்போ நான் எப்படி போலீசுக்கு லெட்டர் எழுதும்?" டிரஸ்ஸரிடம் இன்னும் ஏதோ சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

டிரஸ்ஸர் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். "நல்ல காலம், நீர் வாயைக் குடுக்கேல்லை" என்றார். மெச்சித்தான் சொன்னார். என் தோளைத் தொட்டார்கூட. "திங்கட்கிழமைக்குள்ள உந்தத் துளையளை அடைச்சுப்போடும்."

அவர் போனபின் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். முளைகளைப் பிடுங்கினேன். எதற்கு இவ்வளவு மெதுவாகச் செய்கிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. வெளியே போனால் அவள் நிற்பாள். போகாவிட்டால் உள்ளே வருவாள்.

வந்தாள். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"தொர ஜீப்பு போவுது. சொல்லிட்டீங்களா மாமா?"

முளைகள் என் கைநிறைய இருந்தன. அவற்றை வைக்க இடம் தேடுவதுபோல அங்குமிங்கும் பார்த்தேன்.

"சொல்லிட்டேன்."

"நம்புனாரா?"

"நல்ல ஆளுன்னு சொன்னாரு."

அது பொய்யில்லை. அதனாலேயே அதைச் சொன்னேன் போலிருக்கிறது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாளில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என் காலைப் பார்த்துக் குனிந்தாள். "வேணாம்மா, வேணாம்" என்றேன். வயிறு அவளைக் குனிய விடவில்லை. ஒரு கையால் மருந்து மேசையைப் பற்றிக்கொண்டு, முட்டியை மடித்து, மெல்ல மெல்லத் தரையில் இறங்கினாள். நான் பின்னால் நகர்ந்தேன். முதுகில் அலமாரி இடித்தது. அதற்குமேல் போக இடமில்லை. அவளுடைய விரல்கள், காலை மழையில் நனைந்து சில்லிட்டிருந்தவை, என் இரண்டு பாதங்களையும் தொட்டன.